சாவியைத் திருப்பித் தந்த உபதேசியார்

தெல்தோட்டைப் பக்கத்திலுள்ள ஒரு குடியிருப்பிலிருந்து உபதேசியார் ஒருவர் போன மாதம் என்னைக் காண வந்தார். மண்சரிவு அபாயம் என்று லயங்களிலிருந்து எழுப்பப்பட்ட குடும்பங்கள் வாழும் இடம் அது. அவருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. பஸ் கிடைக்காமல் பாதித் தூரம் நடந்தே வந்திருந்தார். தேநீர் கொடுத்தேன், தொடவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். செபக் கொட்டிலின் சாவி.

"சாமி, இத நீங்களே வச்சிக்கிங்க. இனி நம்மளால ஏலாது. போன ஞாயித்துக்கெழம செபத்துக்கு ஆறு பேரு. அதுல ரெண்டு பேரு நம்ம வீட்டு ஆளுங்க."

நான் சொன்னவை எல்லாம் நல்ல வார்த்தைகள்தாம். ஆண்டவர் கைவிடமாட்டார், விசுவாசம் வேண்டும், செபத்தில் உறுதியாய் இருங்கள் என்றேன். தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். "சரிங்க சாமி" என்று எழுந்தார். படி இறங்கும்போது திரும்பிப் பார்க்கவில்லை. ஆறிப்போன தேநீரை எடுத்து வைக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. இதே வார்த்தைகளைச் சில ஆண்டுகளுக்கு முன் எனக்கும் ஒருவர் சொல்லியிருந்தார். அன்று அவை எனக்கும் உதவவில்லை.

மனச்சோர்வு என்றால் என்னவென்று இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பாத்தி கட்டி, போஞ்சிக்குக் கம்பு ஊன்றி, நல்ல விலை வரும் நேரத்தில் மலை இறங்கி வந்து எல்லாவற்றையும் மூடியதைக் கண்டவர்கள் நீங்கள். மூன்று மாதம் என்று சொல்லப்பட்டு, ஆண்டுக்கணக்கில் தகரக் கூரையின் கீழ் இருந்தவர்களும் உங்களில் உண்டு. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையும் மண்சரிவும் கண்டி மாவட்டத்தில் இன்னும் பல குடும்பங்களை உங்கள் வரிசையில் சேர்த்துவிட்டன. ஆகவே நான் இன்று எழுதுவது உங்கள் சோர்வைப் பற்றியன்று. உங்களிடையே திருச்சபையை நாட்ட வந்தவர்களின் சோர்வைப் பற்றி: உபதேசியார், அன்பியத் தலைவி, மறைக்கல்வி கற்பிக்கும் பெண்பிள்ளை, என்னைப் போன்ற குருவானவர். இது எங்களுக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் சோர்வில் பாதி, உங்களைப் பற்றி நாங்கள் போடும் தப்புக் கணக்கிலிருந்து வருகிறது. அதை உங்கள் முன்னிலையில் ஒப்புக்கொள்வதுதானே முறை?

குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் படித்தோம். திருச்சபையை நாட்டுவது மறைபரப்புப் பணியின் நோக்கங்களில் ஒன்று என்று, இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 இல் தந்த ஏட்டிலிருந்து பாடம் கேட்டோம். நாட்டியது முளைக்காவிட்டால் என்ன செய்வதென்று ஒரு பாடமும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. நம்மிடையே சோர்வுக்கு ஒரே பெயர்தான் உண்டு: விசுவாசக் குறைவு. அந்தப் பெயரைக் கேட்பதற்குப் பயந்தே பலர் சோர்வை வெளியே சொல்வதில்லை. சிரித்த முகத்தோடு ஐந்து ஆண்டு ஓடிவிட்டு ஒரு நாள் சாவியைக் கொண்டுவந்து வைக்கிறார்கள்.

எலியா இறைவாக்கினர் பாலைநிலத்தில் ஒரு செடியின் கீழ் படுத்துச் சாவை வேண்டிக்கொண்ட கதை உங்களுக்குத் தெரியும். வானதூதர் வந்து அவரைக் கண்டிக்கவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடியும் தூங்கவிட்டார், மறுபடியும் எழுப்பி உண்ணச் சொன்னார். பணியைப் பற்றிய பேச்சு பிறகுதான். நானோ உபதேசியாரிடம் பணியைப் பற்றித் தொடங்கிவிட்டேன். அவர் காலையில் சாப்பிட்டாரா என்றுகூடக் கேட்கவில்லை.

கண்டியில் இருந்துகொண்டு இதைப் பற்றி எழுதும்போது ஒருவரை நினைக்காமல் இருக்க முடியாது. புனித ஜோசப் வாஸ் அடிகளார். 1995 ஜனவரி 21 ஆம் திகதி திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 2015 ஜனவரி 14 ஆம் திகதி திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். இரண்டும் கொழும்பு காலிமுகத் திடலில் நடந்தன. உங்களில் சிலர் பஸ் பிடித்துப் போய் வெயிலில் நின்றிருப்பீர்கள். அந்த விழாக்களின் சிறப்பில், அவருடைய வாழ்வின் பெரும்பகுதி தோல்வி போலத் தோன்றிய வாழ்வு என்பது நமக்கு மறந்துபோயிற்று.

கோவாவில் 1651 இல் பிறந்த இவர், இலங்கைக் கத்தோலிக்கர் குருக்கள் இல்லாமல் தவிப்பதைக் கேள்விப்பட்டுப் புறப்பட்டவர். 1658 இல் யாழ்ப்பாணத்தை ஒல்லாந்தர் கைப்பற்றியபின் கத்தோலிக்கக் குருக்களுக்கு இங்கே இடமில்லை. அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றம். 1687 இல் பிச்சைக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணத்திற்கு வந்து சேர்ந்தபோது அவரோடு இருந்தவர் ஜோன் என்ற இளைஞர் ஒருவர் மட்டுமே. வந்தவுடன் செய்த முதல் காரியம் என்ன? நோயில் விழுந்தார். கடும் வயிற்றோட்டம். இரக்கமுள்ள ஒரு பெண் கொடுத்த உணவால் பிழைத்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அந்தப் பெண்ணின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. இலங்கைத் திருச்சபையின் மறுபிறப்பு, எனக்குத் தெரிந்தவரை, அவள் வீட்டு அடுப்பில்தான் தொடங்கியது.

குணமானபின் பெரிய செபமாலை ஒன்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். யார் கத்தோலிக்கர் என்று அவருக்குத் தெரியாது, கேட்கவும் முடியாது. செபமாலையைப் பார்த்து எந்த முகம் மாறுகிறது என்று கவனித்தார். அப்படித்தான் முதல் குடும்பத்தைக் கண்டுபிடித்தார். பின்பு சில்லாலைக் கிராமம் அவருக்கு மறைவிடமாயிற்று. இரண்டு ஆண்டு கழித்து அங்கும் பிடி இறுகியது. 1689 இல் கிறிஸ்து பிறப்பு இரவில் கூடியிருந்த மக்களை ஒல்லாந்த அதிகாரிகள் பிடித்தார்கள். சிலர் கொடுமையாக அடிக்கப்பட்டார்கள். அடிகளார் தப்பினார், அவருக்காக மக்கள் அடிபட்டார்கள். அந்த நினைவோடு 1690 இல் அவர் கண்டி இராச்சியத்துக்குள் இருந்த புத்தளத்துக்குப் போனார். அந்த வழியெல்லாம் அவர் மனதில் என்ன இருந்திருக்கும்? நம்மில் எவராவது அந்த இடத்தில் இருந்திருந்தால், "என்னால்தான் இந்தச் சனங்களுக்கு இந்தக் கதி" என்று ஊருக்குத் திரும்பியிருப்போம்.

1692 இல் கண்டிக்கு வந்தார். வரவேற்பு சிறைச்சாலை. அரச சபையில் இருந்த ஒரு பிரெஞ்சுப் புரொட்டஸ்தாந்தர், இவர் போர்த்துக்கேய ஒற்றர் என்று சொல்லிவைத்திருந்தார். சிறையில் இருந்துகொண்டே சிங்களம் கற்றார். கட்டுப்பாடு தளர்ந்தபின் ஒரு சிறு கொட்டில் போட்டுத் திருப்பலி நிறைவேற்றினார். உபதேசியாரின் செபக் கொட்டிலைவிட அது பெரிதாக இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. 1696 இல்தான் கோவாவிலிருந்து உதவிக் குருக்கள் வந்து சேர்ந்தார்கள். அதுவரை ஒன்பது ஆண்டுகள் இந்தத் தீவு முழுவதற்கும் கத்தோலிக்கக் குருவானவர் அவர் ஒருவரே.

அவரைத் துரத்தியது ஒரு கிறிஸ்தவ ஆட்சி என்பதையும், அவருக்கு நடமாடும் சுதந்திரம் கொடுத்தவர் இரண்டாம் விமலதர்மசூரியன் என்ற பௌத்த மன்னர் என்பதையும் இந்த இடத்தில் சொல்லாமல் போகக் கூடாது. சிங்களக் கிராமத்தின் ஓரத்தில் குடியேற்றப்பட்டு, பக்கத்து வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று மெதுவாகப் பாட்டுப் பாடும் நம் குடும்பங்களுக்கு இந்த வரலாறு தெரிந்திருப்பது நல்லது.

இந்த மனிதர் எப்படித் தாங்கினார்? அவர் புனிதர், அதனால் தாங்கினார் என்று சொல்லிவிடலாம். அது உபதேசியாருக்கு நான் கொடுத்த பதிலைப் போன்றது, கேட்கிறவருக்கு உதவாது. வரலாற்றைத் திரும்பத் திரும்ப வாசித்ததில் எனக்குப் படுவது இது. யாழ்ப்பாணத்தில் அவர் கழுத்தில் போட்டிருந்த செபமாலையை மக்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள். அப்படியென்றால் இருபத்தொன்பது ஆண்டுகள் குருவானவர் இல்லாமல், பூசை இல்லாமல், மரண தண்டனைப் பயத்தோடு அந்த வீடுகளில் செபமாலை சொல்லப்பட்டு வந்தது. தாய்மார் பிள்ளைகளுக்குச் சிலுவை அடையாளம் போடக் கற்றுக்கொடுத்தார்கள். திருச்சபையை நாட்டவென்று வந்தவர், ஏற்கெனவே வேர் ஊன்றி இருந்த ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்தார். தன்மேல் எல்லாம் தங்கியிருக்கிறது என்று அவர் எண்ணியிருந்தால் முதல் ஆண்டிலேயே முறிந்துபோயிருப்பார்.

பிறகு அவரும் அவரோடு சேர்ந்த குருக்களும் அமைத்த ஏற்பாடும் அதற்குப் பொருத்தமானதே. குருவானவர் ஆண்டுக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும் ஊர்களில் மூப்பரும் அண்ணாவியாரும் செபம் நடத்தினார்கள், பிள்ளைகளுக்குக் கற்பித்தார்கள், சாகிறவர் அருகில் இருந்தார்கள். அண்ணாவி என்ற நம் தமிழ்ச் சொல் சிங்களக் கத்தோலிக்கரின் வாய்மொழியிலும் ஏறிவிட்டது. 1705 இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்களை எழுதியதும் இப்படிப்பட்டவர்கள் கையில் ஏதாவது இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். 1740களில் கண்டி இராச்சியத்திலிருந்து குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள்; ஆலயம் அழிந்தது. 1711 ஜனவரி 16 ஆம் திகதி கண்டியில் இறந்து அங்கேயே அடக்கம் செய்யப்பட்ட வாஸ் அடிகளாரின் கல்லறை எந்த இடத்தில் இருந்தது என்று இன்று உறுதியாகக் காட்ட எவராலும் முடியாது. அந்த நகரத்தில்தான் நாம் பஸ் ஏறி இறங்குகிறோம்.

இனி நம்முடைய தப்புக் கணக்குக்கு வருகிறேன்.

ஆறு பேர் என்றார் உபதேசியார். சாவி மேசையில் கிடந்த அடுத்த வாரம் நான் அந்தக் குடியிருப்புக்குப் போனேன். மற்றவர்கள் எங்கே என்று வீடு வீடாகக் கேட்டோம். முன்பு ஏன் கேட்கவில்லை என்று வெட்கமாக இருந்தது. ஒரு வீட்டில் கணவனும் மனைவியும் ஞாயிற்றுக்கிழமைகளில் வேறொருவரின் லீக்ஸ் தோட்டத்தில் கூலிக்கு நிற்கிறார்கள். அன்று கூலி சற்றுக் கூட. இன்னொரு வீட்டில் பெரிய பிள்ளை கொழும்பில் கடையில். தாய் வெளிநாட்டில் வீட்டுப் பணியில். பாட்டி மூன்று சின்னப் பிள்ளைகளோடு. அவளால் அந்தச் சறுக்குப் பாதையில் கொட்டில் வரை ஏற முடியாது. இரண்டு குடும்பம் காணி உறுதி கிடைக்காமல் உறவினரோடு கம்பளைப் பக்கம் போய்விட்டது. இவர்களில் ஒருவரும் கடவுளை விட்டு ஓடவில்லை. அந்தப் பாட்டியின் வீட்டில் படத்துக்கு முன்னால் எண்ணெய் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இரவில் பிள்ளைகளோடு செபமாலை சொல்வதாகச் சொன்னாள். "சாமி வராட்டியும் அத விடுறதில்லீங்க" என்றாள். உபதேசியாரின் ஆறு பேரில் அவள் இல்லை; எங்கள் மாதாந்தப் படிவத்திலும் அவளை எழுத ஒரு கட்டம் இல்லை.

ஆளைக் கணக்கெடுப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. பசு எத்தனை, கோழி எத்தனை என்று தெரியாமல் பண்ணை நடத்த முடியாது. ஆனால் வராதவரை விசுவாசம் இழந்தவர் என்றும், நடத்துபவரைத் திறமையற்றவர் என்றும் ஒரே எண்ணிலிருந்து தீர்ப்புச் சொல்கிறோமே, அதுதான் ஆளை முறிக்கிறது. பாதையும் காணி உறுதியும் ஞாயிறு ஓய்வும் இல்லாத இடத்தில் உபதேசியார் எத்தனை அழகாகப் பிரசங்கித்தாலும் கொட்டில் நிரம்பாது. அதனால்தான் அபிவிருத்தி வேலையையும் ஆலய வேலையையும் பிரிக்கக் கூடாது என்று இந்தப் பக்கங்களில் நான் அடம்பிடித்து வருகிறேன். பாட்டி வீட்டிலிருந்து கொட்டில் வரை இருபது கல்படி வெட்டுவது ஒரு மறையுரைக்குக் குறைந்ததல்ல.

என்னுடைய சொந்தத் தோல்வி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். விதைக் கிழங்குச் சுழற்சிக் கடன் ஒன்றை வேறொரு குடியிருப்பில் தொடங்கினேன். முதல் போகம் நன்றாக வந்தது. இரண்டாம் போகத்தில் நோய் விழுந்தது. மூன்றாம் போகத்தில் கடனைத் திருப்பித் தர முடியாதவர்கள் என்னைக் கண்டால் பாதை மாறிப் போனார்கள், பூசைக்கும் வரவில்லை. கடன் கொடுத்த சாமியின் முகத்தில் எப்படி விழிப்பது? நான் அதை நன்றிகெட்டதனம் என்று எடுத்துக்கொண்டேன். இரவில் தூக்கம் வரவில்லை. வேறு பங்குக்கு மாற்றம் கேட்டுக் கடிதம்கூட எழுதினேன், அனுப்பவில்லை. என்னை மீட்டது பெரிய தியானம் எதுவுமன்று. ஒரு வயதான சக குருவானவர் வந்து இரண்டு நாள் என்னோடு தங்கினார். கிழங்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சமைத்தார், சாப்பிட வைத்தார், என் இடத்தில் பூசை வைத்தார். மூன்றாம் நாள் காலையில், "கடனைத் தள்ளுபடி செய்துவிட்டேன் என்று நீயே போய்ச் சொல். அவர்கள் வருவது வராதது அவர்கள் பாடு" என்றார். போய்ச் சொன்னேன். எல்லாரும் திரும்பி வந்தார்கள் என்று எழுத ஆசைதான். சிலர் வந்தார்கள்.

வேறு சபைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் குடும்பங்கள் சில புதிய செபக் கூட்டங்களுக்குப் போகின்றன என்று உபதேசிமார் மனம் நொந்து சொல்கிறார்கள். உலர் உணவுப் பொதிக்காகப் போகிறார்கள் என்று பழிப்பது எளிது. நான் விசாரித்தவரை பலர் போனதற்குக் காரணம் வேறு: பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த இரவில் அவர்கள் வந்தார்கள், நாம் போகவில்லை. அந்தப் போதகர்களும் சோர்ந்துபோகிறவர்கள்தாம். ஒருவர் தன் சோர்வை என்னிடம் வந்து சொல்லியிருக்கிறார். அவர் கதையும் உபதேசியாரின் கதையும் ஒன்றே.

1697 இல் கண்டி நகரில் அம்மை நோய் பரவியபோது மன்னரும் பிரபுக்களும் நகரத்தை விட்டுப் போனார்கள். நோயாளிகளைச் சொந்தக்காரரே காட்டில் விட்டார்கள். வாஸ் அடிகளாரும் அவருடைய உறவினரான ஜோசப் கர்வாலோ அடிகளாரும் நகரத்தில் நின்றார்கள். ஆளில்லா வீடுகளில் நோயாளிகளைக் கிடத்திக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்கள், புண்ணைக் கழுவினார்கள், இறந்தவர்களைப் புதைத்தார்கள். இன்னார் எந்த மதம் என்று பார்க்கவில்லை. இதை நான் வீரக் கதையாகச் சொல்லவில்லை. சோர்ந்தவர்க்கு இதில் ஒரு நடைமுறைப் பாடம் இருக்கிறது. கஞ்சி காய்ச்சும் நாளில் எத்தனை பேர் மனம் மாறினார்கள் என்ற கேள்வி எழாது. கஞ்சி போதுமா என்ற கேள்விதான் எழும். அதற்குப் பதில் அன்றைக்கே தெரிந்துவிடும். எண்ணிக்கை பார்த்துப் பார்த்துக் களைத்த ஓர் உபதேசியாருக்கு, ஒரு மாதம் கொட்டிலை மறந்துவிட்டு நோயாளிகளைப் பார்த்துவரும் வேலையைக் கொடுத்துப் பாருங்கள் என்று என் சக குருக்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்றும் கேட்கிறேன். ஒருவரைத் தனியாக எந்தக் குடியிருப்பிலும் விடாதீர்கள். வாஸ் அடிகளாரோடு ஜோன் இருந்தார். இயேசுவும் சீடர்களை இருவர் இருவராகத்தான் அனுப்பினார். நாமோ சிக்கனம் பார்த்து, ஓர் ஆளுக்கு மூன்று குடியிருப்பு என்று பங்கு பிரிக்கிறோம். பிறகு அவர் சோர்ந்துவிட்டார் என்று குறைசொல்கிறோம். உபதேசியாருக்குப் பஸ் செலவுகூட ஒழுங்காகப் போய்ச் சேர்வதில்லை என்பதை அந்தப் பயணத்தில்தான் அறிந்தேன். இதில் என் தவறும் உண்டு.

குடும்பத் தலைவர்களே, தாய்மாரே, உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் உபதேசியார் அல்லது அன்பியத் தலைவி சோர்ந்திருக்கிறார் என்று கண்டால் எங்களுக்காகக் காத்திருக்காதீர்கள். பாதையில் கண்டால் வீட்டுக்குக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஏன் வரமுடியவில்லை என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். வேலை என்றால் வேலை என்று சொல்லுங்கள். கோபம் என்றால் கோபம் என்று சொல்லுங்கள். மௌனத்தை அவர் தன் தோல்வி என்று எடுத்துக்கொள்கிறார்.

அந்தக் குடியிருப்பில் இப்போது கொட்டிலைத் திறப்பது நான்கு பெண்கள், வாரத்துக்கு ஒருவர். செபம் ஞாயிறு காலையில் இல்லை. சனிக்கிழமை இரவு, கூலி வேலை முடிந்து வந்தபின். மழை பெய்தால் பாட்டி வீட்டு முற்றத்தில். சாவி ஒன்று போதாதென்று தெல்தோட்டைக் கடையில் இன்னும் மூன்று வெட்டுவித்தோம். கல்படி வேலைக்குப் பிரதேச சபையிடம் மனுக் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் இல்லை.

உபதேசியார் போன சனிக்கிழமை வந்து பின்வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்தார். பாட்டு எடுத்துக் கொடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை, அவரும் எழவில்லை. முடிந்தபின் அந்தப் பெண்களில் ஒருத்தி தேநீர் கொடுத்தாள். குடித்தார். அவர் கொண்டுவந்த பழைய சாவி என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அவர் கேட்கவில்லை. நானும் கொடுக்க அவசரப்படவில்லை.